பொருந்தாத விடை

திங்கள், காலை.

தலைமையாசிரியையின் மேசைமேல் இரண்டு விடைத்தாள் நகல்கள் அருகருகே கிடந்தன. இரண்டிலும் மூன்று விடைகளுக்கு அடியில் சிவப்புக் கோடு. மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. ‘தண்ணீர் தந்துக்கி மூலம் மேலே ஏறுகிறது’ என்று இரண்டு பிள்ளைகளும் எழுதியிருந்தார்கள். நுண்குழாயைக் குறிக்கும் ‘தந்துகி’யில் வரக்கூடாத ஒரு ‘க்’ இரண்டு தாளிலும் வந்து உட்கார்ந்திருந்தது.

“சரியான விடை ஒண்ணா இருக்கலாம் மேடம். தப்பும் ஒண்ணா இருக்குமா?” என்றார் தேர்வு வாரியத்திலிருந்து வந்திருந்த அதிகாரி.

மேடம் என்று அவர் அழைத்தது இன்ஸ்பெக்டரை. பணிக்குப் போகும் வழியில் வந்ததால் சீருடையில் இருந்தாள். ஏமாற்று வழக்குகளில் அவளிடம் பொய் சொல்லித் தப்பியவர் யாரும் இல்லை என்று துறையில் பேச்சு. ஆனால் அன்று அவளை யாரும் துப்புத் துலக்கக் கூப்பிடவில்லை. அந்த இரண்டு தாள்களில் ஒன்று அவளுடைய மகளுடையது.

மகள் சுவரை ஒட்டி நின்றிருந்தாள். வீட்டில் அவளுக்குச் சிட்டு என்று பெயர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். அறிவியல் மேல்நிலைப் பள்ளியில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வைச் சனிக்கிழமை கணினியில் நடத்தினார்கள். இந்தப் பள்ளியில் முப்பது கணினிகள். பிள்ளைகள் அறுபது பேர். அதனால் காலையில் ஒரு குழு, மதியம் ஒரு குழு; இரண்டுக்கும் ஒரே கேள்விகள். காலைக் குழுவில் பத்தொன்பதாம் மேசையில் உட்கார்ந்தவள் சிட்டுவின் தோழி. ஒல்லியாக இருப்பாள், பேச்சு மட்டும் சுருக்கென்று இருக்கும். அதனால் பள்ளிக்கூடம் முழுக்க அவளுக்குக் குண்டூசி என்று பெயர். மதியம் அதே மேசையில் சிட்டு.

“ரெண்டு பேரும் இடையில சந்திக்கவே வழியில்ல,” என்றார் அதிகாரி. “காலைக் குழுவை நூலகத்துல வச்சுப் பூட்டிட்டோம். மதியக் குழு உள்ள போய் உட்கார்ந்த பிறகுதான் திறந்தோம். எந்த ஓட்டை வழியா விடை போச்சுன்னு தெரியல. ஆனா போயிருக்கு.”

இன்ஸ்பெக்டர் மகள் பக்கம் திரும்பினாள். போன மாதம்தான் இதே பள்ளியின் மேடையில் நின்று நேர்மையைப் பற்றிப் பேசிக் கைதட்டல் வாங்கியிருந்தாள். போலீஸ்காரி பிள்ளை என்று பூசி மெழுகிவிட்டார்கள் என யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்த நினைப்பே அவள் குரலில் ஏறி உட்கார்ந்தது.

“யார் குடுத்தா?”

“யாரும் குடுக்கலம்மா.”

“அப்புறம்?”

“திரையில தானா வந்துச்சு.”

“தானா.”

“ஆமாம்மா. நான் ‘தண்’ வரைக்கும் அடிச்சேன். உடனே கீழ ரெண்டு வரி வந்துச்சு. மொதல்ல ‘தண்ணீர் லாரி நாளை காலை வரும்’னு இருந்துச்சு. அதுக்குக் கீழ இந்த விடை.”

“பரீட்சைக்கு நடுவுல தண்ணி லாரி வந்துச்சா?” என்றாள் இன்ஸ்பெக்டர். “ஹாரன் அடிச்சுதா?”

அதிகாரி சிரித்துவிட்டார். தலைமையாசிரியை சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். கதவருகே நின்றிருந்த கம்ப்யூட்டர் சார் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

சிட்டுவின் காதுமடல் சிவந்தது.

“தானா வந்துச்சுங்கிற கதைய நான் வாரத்துக்கு நாலு தடவ கேக்குறேன். பணம் தானா வந்துச்சும்பான், கையெழுத்து தானா விழுந்துச்சும்பான். என் காதுல பூ சுத்தாத. சார், கம்ப்யூட்டர் ரூமைக் கொஞ்சம் காட்டுங்க.”

கணினி அறை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. சாம்பல் நிறத்தில் முப்பது கணினிகள், எல்லாம் ஒரே அச்சு. கம்ப்யூட்டர் சார் இளைஞர். இரண்டு வாரமாக வீட்டுக்கு நேரத்தோடு போகாமல் இந்த அறையைத் தயார் செய்தவர். அவர் சொல்லச் சொல்ல இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டே நடந்தாள்.

“மொதல்ல ஒரு மிஷினைச் சுத்தமாத் துடைச்சு வாரியம் சொன்னபடி தயார் பண்ணினோம் மேடம். அதையே அப்படியே மத்த எல்லாத்துக்கும் நகல் எடுத்தோம். வாரியத்து ஆளுங்க வந்து ஒவ்வொண்ணாச் சோதிச்சு முத்திரை வச்சாங்க. தேர்வு திறந்தா திரை பூட்டிக்கும். வேற எதுவும் திறக்காது. பென் டிரைவ் சொருகுற இடத்தை அடைச்சாச்சு. இன்டர்நெட்ல வாரியத்துப் பக்கம் ஒண்ணுக்கு மட்டும்தான் போகும்.”

“வெளியிலேருந்து எதுவும் உள்ள வராது?”

“ஈ கூட நுழையாது மேடம்.”

பத்தொன்பதாம் மேசை ஜன்னலோரத்தில் இருந்தது. இன்ஸ்பெக்டர் பழக்கதோஷத்தில் குனிந்து அடியிலும் பார்த்தாள். மற்ற மேசைகளின் அடியில் ஒயர்க் கட்டுகள்மேல் தூசி படிந்திருந்தது. இங்கே ஒயரைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள், தூசியே இல்லை. அக்கறையான மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் சார் தேர்வுத் திரையைத் திறந்து ‘தண்’ என்று அடித்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி அடித்தார். வெள்ளைத் திரையில் அந்த இரண்டு எழுத்து மட்டும் நின்றது.

“இது இல்ல...” என்றாள் சிட்டு மெதுவாக.

“எது இல்ல? இன்னும் எத்தனை கதை வச்சிருக்க?”

சிட்டு வாயைத் திறந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

“மன்னிப்புக் கேளு. அவங்க ரெண்டு பேர்கிட்டயும்.”

“மன்னிச்சிடுங்க டீச்சர். மன்னிச்சிடுங்க சார்.” பிறகு அம்மாவின் தோள்பட்டையில் இருந்த நட்சத்திரங்களைப் பார்த்துச் சொன்னாள். “மன்னிச்சிடுங்க மேடம்.”

கிண்டலாகச் சொல்லவில்லை. ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் சொல்வது போலவே சொன்னாள். இன்ஸ்பெக்டருக்கு அது அப்போது உறைக்கவில்லை. புதன்கிழமை வாரியம் முடிவு சொல்லும், இரண்டு பிள்ளைகளின் தேர்வும் ரத்தாகும் என்று அதிகாரி சொன்னார். விடைத்தாள் நகல்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவள் வேலைக்குப் போனாள்.

அன்று மாலை.

வீட்டில் சிட்டுவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. சாப்பிடக் கூப்பிட்டதற்கு, “நீங்க சாப்பிடுங்க,” என்று உள்ளிருந்து பதில் வந்தது. பிறந்ததிலிருந்து அம்மாவை ‘நீ, வா, போ’ என்றே பேசி வளர்ந்த பெண். திடீரென்று வந்த அந்த ‘நீங்க’ கேட்டதும் இன்ஸ்பெக்டர் எடுத்த தட்டைத் திரும்ப வைத்தாள். கணவர் தட்டைக் கழுவிக்கொண்டே, “வீட்டுக்கு வரும்போதாவது தொப்பியைக் கழட்டிட்டு வா,” என்றார்.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் குண்டூசி தனியாக நின்றிருந்தாள். அழுது அழுது மூக்கு வீங்கியிருந்தது.

“ஆன்ட்டி, நான் அவளுக்கு எதுவும் சொல்லல. எங்கப்பா என்கூடப் பேச மாட்டேங்கிறாரு. நான் எப்படி ஆன்ட்டி சொல்லியிருக்க முடியும்? எங்களைத்தான் பூட்டி வச்சிருந்தாங்களே!”

“உள்ள வா. உக்காரு.”

இன்ஸ்பெக்டர் நகல்களை விரித்து வைத்தாள். குண்டூசி சிவப்புக் கோடு போட்ட மூன்றையும் பார்த்தாள். “இது மூணும் நான் எழுதினதுதான். இந்த ‘க்’ கூட என் தப்புதான்.” பிறகு சிட்டுவின் தாளை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே போனாள். ஆறாம் கேள்வியில் அவள் விரல் நின்றது.

குளிர்காலத்தில் வாயிலிருந்து வரும் மூச்சு புகைபோல் தெரிவது ஏன் என்பது கேள்வி. சிட்டு எழுதியிருந்தது: ‘குளிர் காற்று வாய்க்குள் புகுந்து புகையாக மாறுகிறது.’ தவறான விடை. குண்டூசியின் தாளில் வேறு விடை, சரியான விடை: ‘மூச்சில் உள்ள நீராவி குளிர்ந்து நீர்த்துளியாகிறது.’ இரண்டும் ஒன்றுபோல் இல்லை. அதனால் அதன்மேல் யாரும் கோடு போடவில்லை.

“ஆன்ட்டி...” குண்டூசியின் குரல் இறங்கிப் போனது. “இதுவும் நான் எழுதினதுதான்.”

“உன் தாள்ல அது இல்லையே.”

“மொதல்ல இப்படித்தான் எழுதினேன். அப்புறம் தப்புன்னு தோணுச்சு. மொத்தமா அழிச்சுட்டு வேற எழுதினேன். யார்கிட்டயும் சொல்லல. எனக்கே வெக்கமா இருந்துச்சு.”

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் நிமிர்ந்தாள்.

ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு விடை சொன்னால் கடைசியாக எழுதியதைத்தான் சொல்லும். தப்பென்று தானே அழித்ததை எந்தப் பிள்ளையும் தோழிக்குக் கொடுத்தனுப்பாது. அழித்தது அந்தப் பிள்ளையின் விரலுக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியும்? அவள் விரல் தொட்ட பொருளுக்குத் தெரியும்.

“நீ டைப் பண்ணும்போது ஏதாவது தானா வந்துச்சா?” என்று கேட்டாள். அந்த வார்த்தையைச் சொல்லும்போதே அவள் நாக்கு தடுக்கியது.

“ஆமா ஆன்ட்டி. ‘தண்ணீர்’னு அடிச்சதும் தண்ணி லாரின்னு ஏதோ வந்துச்சு. என்னடா இதுன்னு நான் கண்டுக்கல.”

சாத்தியிருந்த அறைக் கதவை இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தாள். காலையில் அவளே கேட்ட கேள்வி காதில் ஒலித்தது. ஹாரன் அடிச்சுதா? முகம் தீப்பட்டதுபோல் எரிந்தது.

செவ்வாய், காலை.

இன்று சீருடை இல்லை. பள்ளிக்குள் நுழைந்தவள் கணினி அறைப் பக்கம் போகவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் தண்ணீர் லாரியைப் பற்றி எழுத வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். அலுவலக அறைக்குள் போனாள். எல்லோரும் ஆபீஸ் அக்கா என்று கூப்பிடும் உதவியாளர் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவர் முன்னால் இருந்த கணினி கறுப்பு நிறம். விசைப்பலகையில் பாதி எழுத்துகள் தேய்ந்து மறைந்திருந்தன.

“அக்கா, இந்த மிஷின்ல தமிழ் எப்படி அடிப்பீங்க?”

“அதுக்குன்னு சாஃப்ட்வேர் ஒண்ணு போட்டு வச்சிருக்கேன் மேடம். ரொம்ப வசதி. போன்ல வர மாதிரியே, ரெண்டெழுத்து அடிச்சா போதும், முன்னாடி அடிச்ச வரியெல்லாம் தானா எடுத்துக் குடுக்கும். தினம் ஒரே சுற்றறிக்கையத்தானே அடிக்கிறேன்?”

“‘தண்’னு அடிங்க.”

அக்கா அடித்தார். கீழே ஒரு சிறு பட்டை விரிந்தது. ‘தண்ணீர் லாரி நாளை காலை வரும்.’ அதற்குக் கீழே, ‘தண்ணீர் தந்துக்கி மூலம் மேலே ஏறுகிறது.’

“இது என்ன? நான் எழுதினதில்லையே,” என்றார் அக்கா.

“இப்ப ‘குளிர்’னு அடிங்க.”

‘குளிர் காற்று வாய்க்குள் புகுந்து புகையாக மாறுகிறது.’

இன்ஸ்பெக்டர் அந்தக் கறுப்பு மிஷின்மேல் கை வைத்தாள். “சனிக்கிழமை இந்த மிஷின் எங்க இருந்துச்சு?”

“கம்ப்யூட்டர் சார் காலையில அவசரமா வந்து தூக்கிட்டுப் போனாரு. நேத்து காலையில வந்து பார்த்தா திரும்ப இங்கேயே இருக்கு. ஏன் மேடம், ஏதாவது தப்பா?”

அதே நாள், மதியம்.

தலைமையாசிரியையின் அறையில் முந்தின நாள் இருந்த அதே ஆட்களை உட்கார வைக்கும்படி இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டாள். அதிகாரி வந்தார். கம்ப்யூட்டர் சார் வந்தார். சிட்டு அதே சுவரை ஒட்டி நின்றாள்.

“நாம எல்லாரும் ஒண்ணுபோல இருந்த மூணு விடையைத்தான் பார்த்தோம்,” என்றாள் இன்ஸ்பெக்டர். “ஒண்ணுபோல இல்லாத ஆறாவதைப் பார்க்கல. இந்தப் பிள்ளை எழுதினது, அந்தப் பிள்ளை எழுதி அழிச்சது. அழிச்ச விடையை யாரும் யாருக்கும் சொல்லியிருக்க முடியாது. அப்படின்னா ஆள் மூலமா வரல. மிஷின் மூலமா வந்திருக்கு. ஆனா சார் காட்டின மிஷின்ல எதுவும் வரல. ஏன்னா அது பரீட்சை நடந்த மிஷினே இல்ல. பரீட்சை நடந்த மிஷின் ஆபீஸ்ல இருக்கு. திரையைப் பூட்டினீங்க, இன்டர்நெட்டை அடைச்சீங்க. ஆபீஸ்ல தமிழ் அடிக்கப் போட்ட சாஃப்ட்வேரோட ஞாபகத்தை யாரும் பூட்டல. அது திரையில தனியா ஒரு ஜன்னலாத் திறக்காததால பூட்டுக்கும் அது தெரியல.”

அவள் கம்ப்யூட்டர் சார் பக்கம் திரும்பினாள்.

“மேசைக்கு அடியில புது ஒயர்க் கட்டு. நான் அதைப் பார்த்தேன். பார்த்துட்டு அக்கறைன்னு நினைச்சேன். சார், நீங்களே சொல்றீங்களா?”

கம்ப்யூட்டர் சார் எழுந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை.

“சனிக்கிழமை காலையில பத்தொன்பதாம் மிஷினுக்கு உயிரே வரல மேடம். விதிப்படி அந்த மேசையை மூடி வாரியத்துக்குச் சொல்லணும். அங்க உட்கார வேண்டிய பிள்ளைகளுக்கு வேற தேதி குடுப்பாங்க. ஆனா முப்பதும் தயார்னு முந்தின நாள்தான் எல்லார் முன்னாலயும் பெருமையாச் சொல்லியிருந்தேன். பிள்ளைங்க வரிசையில நிக்கிறாங்க. ஆபீஸ் மிஷினை எடுத்து வச்சு தேர்வுப் பூட்டை மட்டும் போட்டேன். ஞாயித்துக்கிழமை பழையதைச் சரி பண்ணி மாத்திட்டேன்.”

“மேல முத்திரை இல்லாத கறுப்பு மிஷின் நின்னிருக்கு, யாருமே பார்க்கலையா?” என்றார் அதிகாரி. சனிக்கிழமை மேற்பார்வைக்கு வந்தவர் அவர்தான் என்பது அவருக்கே நினைவு வந்திருக்க வேண்டும். தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமலே கீழே வைத்தார்.

“நேத்து பாப்பா ‘தண்ணி லாரி’ன்னு சொன்னப்பவே தெரிஞ்சுடுச்சு,” என்றார் கம்ப்யூட்டர் சார். “சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. சிரிப்பு ஓயட்டும்னு இருந்தேன். அப்புறம் சொல்லவே முடியல.”

எல்லோரும் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்கள். குற்றவாளி ஒப்புக்கொண்டபின் அவள் முகத்தில் வழக்கமாக ஒரு நிறைவு தெரியும். இன்று அவள் தலை குனிந்திருந்தது.

“நீங்க மறைச்சீங்க சார். அந்தத் தப்பு உங்களோடது. ஆனா அவ மறைக்கல. மொத வார்த்தையிலேயே எல்லாத்தையும் சொல்லிட்டா. லாரி, அதுக்குக் கீழ விடை, ‘இது இல்ல’, எல்லாம். ஒரு சாட்சி இதைவிடத் தெளிவாச் சொல்ல முடியாது. தெருவுல போற ஒருத்தர் சொல்லியிருந்தா உடனே போய்த் தேடியிருப்பேன். சொன்னது என் பொண்ணுங்கிறதால கேலி பண்ணி வாயை மூட வச்சேன். எல்லாரையும் சிரிக்க வச்சதும் நான்தான்.” சிட்டுவின் பக்கம் திரும்பினாள். “தப்பு என்னோடது. மன்னிச்சுடு.”

சிட்டு நிமிரவில்லை. தலையை மட்டும் அசைத்தாள். சரி என்றா, வேண்டாம் என்றா, தெரியவில்லை.

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். பிள்ளைகள் இருவர் மேலும் குற்றம் இல்லை, கணினிக் கோளாறு, இருவர் மதிப்பெண்ணும் அப்படியே நிற்கும் என்றார். கம்ப்யூட்டர் சாரைத் தேர்வுப் பணியிலிருந்து நீக்கியாகிவிட்டது என்றார்.

தாயும் மகளும் தாழ்வாரத்துக்கு வந்தார்கள். நான்கு அடி நடந்ததும் சிட்டு நின்றுவிட்டாள்.

“மொத விடைதான் தானா வந்துச்சு,” என்றாள்.

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தாள்.

“அது வந்ததும், இன்னும் இருக்குமோன்னு நானாத் தேடினேன். ஒவ்வொரு எழுத்தா அடிச்சுப் பார்த்தேன். அப்படித்தான் மத்த மூணும் கிடைச்சுது. யாரோ எழுதினதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எடுத்தேன். ஆறாவது தப்புன்னு எனக்கே சந்தேகம். இருந்தும் எடுத்தேன்.” தன் செருப்பைப் பார்த்தாள். “நேத்தே சொல்லியிருப்பேன். லாரிக்கே அப்படிச் சிரிச்சாங்க, இதைச் சொன்னா...”

இன்ஸ்பெக்டருக்குச் சட்டென்று நாலைந்து கேள்விகள் நாக்கு நுனிக்கு வந்தன. எல்லாவற்றையும் விழுங்கினாள். மதிப்பெண் நிற்கும் என்று இப்போதுதான் ஒருவர் சொல்லியிருந்தார். யாருக்கும் தெரியாது. தெரியவும் போவதில்லை. அந்த நினைப்பு ஒரு கணம் வந்தது, வந்ததற்காகவும் கூசினாள்.

“என்ன பண்ணணும்னு நினைக்கிற?”

“உள்ள போய்ச் சொல்லணும்.”

“நான் வரட்டுமா?”

“வேணாம். நீங்க வெளியவே இருங்க.”

சிட்டு திரும்பிப் போய்க் கதவைத் தட்டினாள். கதவு திறந்து மூடியது.

தாழ்வாரத்தில் பெற்றோர் காத்திருக்கும் பெஞ்சு ஒன்று கிடந்தது. எந்த அறைக்குள்ளும் தட்டாமல் நுழைந்து பழகியவள் அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள். சிட்டு பேசத் தொடங்குமுன் வெளியே அனுப்பப்பட்ட கம்ப்யூட்டர் சார் வந்து மறு ஓரத்தில் உட்கார்ந்தார். போவதற்கு அவருக்கு இடம் இல்லை. கணினி அறைச் சாவியை அவரிடமிருந்து அப்போதுதான் வாங்கியிருந்தார்கள். இருவருக்கும் நடுவில் இரண்டு ஆள் உட்காரும் இடைவெளி இருந்தது.

“பாப்பா எதுக்கு மேடம் திரும்ப உள்ள போச்சு?”

அவள் சொன்னாள்.

“அந்த விடைகளோட மார்க்கைக் கழிச்சுட்டா இடம் கிடைக்கிறது கஷ்டம் மேடம்.”

“தெரியும்.”

“நல்ல பொண்ணு மேடம்.”

யாராவது இப்படிச் சொன்னால், ‘என் பொண்ணாச்சே’ என்று அவள் சிரிப்பது வழக்கம். அன்று அது வாயில் வரவில்லை.

“ஆமா,” என்றாள்.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. கண் சிவந்து, தலை நிமிர்ந்து சிட்டு வெளியே வந்தாள். பெஞ்சில் இருந்த இருவரும், யாரும் சொல்லாமலே, எழுந்து நின்றார்கள்.